கிணறு யாருடையது, பனை யாருடையது

இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் 'சோசலிச' என்ற சொல்லையும் கூடவே கொண்டு திரிகிறார். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இந்த நாட்டுக்கு இட்ட பெயர் இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு. அந்தப் பெயரைச் சூட்டிய அதே அரசாங்கம்தான் முந்தின ஆண்டு இறக்குமதியைத் திறந்துவிட்டது. அதற்கு முன் ஏழு ஆண்டுகள் நல்ல விலை கண்டிருந்த யாழ்ப்பாணத்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் அத்தோடு அடிபட்டன. எதிரும் புதிருமான காரியங்களுக்கெல்லாம் ஒரே சொல்லைப் பூசியதில், நம்மூரில் அந்தச் சொல்லுக்கு நிலையான பொருளே இல்லாமற் போயிற்று. ஒரு தலைமுறைக்கு அது கூட்டுறவுச் சங்கக்கடை வரிசை, பங்கீட்டுக் கூப்பன், பாண் தட்டுப்பாடு. இன்னும் சிலருக்கு வாசிகசாலை அலுமாரியில் இருந்த மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவுப் புத்தகங்கள். வேறு சிலருக்கு 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராக நடந்த ஊர்வலம்.

என்ன பொருள் என்று கேட்டால், பெரும்பாலானோர் சொல்வது ஒன்றுதான்: எல்லாருக்கும் எல்லாம் சரிசமனாகப் பங்கு. ஆதரிப்பவரும் இதைத்தான் சொல்கிறார், எதிர்ப்பவரும் இதைத்தான் சொல்கிறார். இந்த வரைவிலக்கணத்தில் தொடங்கினால் மார்க்ஸின் ஒரு பக்கத்தைக்கூடச் சரியாக வாசிக்க முடியாது. லங்கா சமசமாஜக் கட்சி 1935 டிசம்பரில் தொடங்கியபோது தன் பெயரிலேயே 'சம'வை வைத்துக்கொண்டது. குழப்பத்துக்கு அதுவும் ஓரளவு காரணம் என்று நினைக்கிறேன். தமிழில் வழங்கும் 'பொதுவுடைமை' அதைவிட எவ்வளவோ துல்லியமான சொல். அதில் பங்கும் இல்லை, சமமும் இல்லை. உடைமை இருக்கிறது. கேள்வி அங்கேதான் தொடங்குகிறது: எதன் மீதான உடைமை?

வீட்டையும் சைக்கிளையும் தாலிக்கொடியையும் பிடுங்கிவிடுவார்களா என்ற பயம் 1848இலேயே இருந்தது. 'கொம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை' அதற்கு நேராகவே பதில் சொல்கிறது. ஒழிக்க வேண்டியது பொதுவாக உடைமை என்பதை அன்று. பிறர் உழைப்பை எடுத்துக்கொள்ளும் வல்லமை தருகிற உடைமையை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஒரு பொருள். கரையோரத்து ஐஸ் ஆலை வேறு வகைப் பொருள்: அது இல்லாமல் மீன்காரர் தொழில் செய்ய முடியாது, ஆகவே அதை வைத்திருப்பவர் அவருடைய நாளில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்க முடியும். காணி, கிணறு, வள்ளம், வலை, ஆலை, பனை எல்லாம் இந்த இரண்டாம் வகையில் வரக்கூடியவை. ஒரு பொருள் எந்த வகை என்று அறிய வேண்டுமென்றால், அது இன்னாரிடம் இருப்பதால் யாருடைய வேலைநாள் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் போதும்.

இந்தச் சிந்தனையின் பிறப்பைச் சிலர் ஆதிகால மடங்களிலும் இன்னும் பழைய நூல்களிலும் தேடுவார்கள். பகிர்ந்துண்ணும் ஆசை பழையதுதான். ஆனால் சோசலிசம் என்று நாம் அறிவது ஆலைச் சங்கு ஊதத் தொடங்கிய பிறகு வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் கடைசியில், சட்டத்தின் முன் சமம் என்றால் வயிற்றின் முன் ஏன் இல்லை என்று கேட்டுச் சதி செய்த பாபேஃப் 1797இல் கில்லட்டினுக்குப் போனார். சான்-சிமோன், உழைப்போர் ஒருபுறம் உட்கார்ந்து உண்போர் மறுபுறம் என்று சமூகத்தைப் பிரித்துக் காட்டினார். ஃபூரியே ஏறக்குறைய 1,620 பேர் கொண்ட குடியிருப்புகளை வரைந்து, அவற்றுக்குப் பணம் போட ஒரு செல்வந்தர் வருவார் என்று காத்திருந்தார். எவரும் வரவில்லை.

ரொபர்ட் ஓவன் மூவரிலும் வேறுபட்டவர். ஆலையை நடத்திக் காட்டியவர். ஸ்கொட்லாந்தின் நியூ லனார்க் பருத்தி ஆலையை 1800 முதல் நிர்வகித்தார். 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலையிலிருந்து எடுத்துப் பள்ளிக்கு அனுப்பினார். அப்படியும் ஆலை இலாபம் தந்தது. ஓவனின் வெற்றியைவிட அவருடைய தோல்வி ஒன்றிலிருந்துதான் பிற்காலத்தவர் கூடக் கற்றார்கள். 1832இல் லண்டனில் அவர் உழைப்புப் பரிவர்த்தனை நிலையம் ஒன்றைத் திறந்தார். கைவினைஞர் தாம் செய்த பொருளைக் கொண்டுவருவார். மூலப்பொருளின் விலையோடு, உழைத்த மணித்தியாலம் ஒவ்வொன்றுக்கும் 6 பென்ஸ் சேர்த்து மதிப்பிடுவார்கள். அந்தப் பெறுமதிக்கு 'உழைப்பு நோட்டு' கிடைக்கும். அந்த நோட்டைக் கொடுத்து அங்குள்ள வேறு பொருளை எடுக்கலாம். இடையில் வியாபாரி இல்லை, வட்டி இல்லை.

இரண்டு ஆண்டில் மூட வேண்டியதாயிற்று. வெளிச்சந்தையை விட மலிவாக மதிப்பிடப்பட்ட பொருட்களைக் கடைக்காரர்களே நோட்டுக் கொடுத்து அள்ளிப் போனார்கள். கூட மதிப்பிடப்பட்டவை தட்டில் தங்கின. தையற்காரரும் செருப்புத் தைப்பவரும் வந்தார்கள், மாவும் உருளைக்கிழங்கும் வரவில்லை. கையில் நோட்டு இருந்தும் சாப்பாடு வாங்க முடியவில்லை. கைவேகம் இல்லாதவர் 10 மணித்தியாலத்தில் செய்த அதே சட்டையை இன்னொருவர் 6 மணித்தியாலத்தில் செய்தால் எந்த மணிக்கணக்கை எழுதுவது என்பதும் தீரவில்லை. பிற்காலத்தில் மார்க்ஸ் 'சமூக ரீதியில் அவசியமான உழைப்பு நேரம்' என்று நீளமாக ஒரு பெயர் வைத்தது இந்த இடத்துக்குத்தான். பொருளின் பெறுமதியைத் தீர்ப்பது நீங்கள் தனியே எவ்வளவு நேரம் மினக்கெட்டீர்கள் என்பதல்ல; அந்தக் காலத்தின் வழக்கமான கருவியோடு, வழக்கமான திறமையோடு அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பது.

1844ஐ மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த டிசம்பர் 21ஆம் திகதி இங்கிலாந்தின் ரொச்டேல் ஊரில் 28 பேர், ஆளுக்கு ஒரு பவுண் என்ற கணக்கில் பணம் சேர்த்து, வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி வைத்து ஒரு கடை திறந்தார்கள். கடன் இல்லை, ஆளுக்கு ஒரு வாக்கு, இலாபம் போட்ட முதலின்படி இல்லாமல் வாங்கிய சாமானின்படி திரும்பி வரும். நம் சங்கக்கடைகளுக்கெல்லாம் மூத்த கடை அது. அதே 1844இல்தான் இலங்கையில் அடிமை முறையைச் சட்டம் முற்றாக ஒழித்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்று தனிப்பகுதியே உண்டு. சட்டப்படி விடுதலை பெற்ற யாழ்ப்பாணத்து நளவர், பள்ளர் குடும்பங்களுக்குக் காணி கிடைக்கவில்லை, கிணறு கிடைக்கவில்லை. குடியிருந்த வளவுகூட இன்னொருவருடையதாகவே இருந்தது. மார்க்ஸ் நவீன தொழிலாளியை 'இரு வகையில் விடுபட்டவர்' என்பார்: ஓர் ஆண்டைக்குக் கட்டுப்படாதவர், கூடவே எந்த உற்பத்திச் சாதனமும் இல்லாதவர். அவர் எழுதியது ஆங்கிலேய விவசாயியைப் பற்றி. ஆயினும் இந்த வரியை யாழ்ப்பாணத்தில் வைத்து வாசிக்கும்போது அதன் முழுக்கனமும் தெரிகிறது.

மார்க்ஸ் 1818இல் ட்ரியரில் பிறந்தவர். சட்டமும் தத்துவமும் படித்தவர். ஏங்கெல்ஸ் ஆலை முதலாளியின் மகன். தகப்பனாருக்குப் பங்கிருந்த மான்செஸ்டர் ஆலையில் வேலை செய்தபோது கண்ட தொழிலாளர் நிலையை 1845இல் நூலாக வெளியிட்டார். இருவரும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1848 பெப்ரவரியில் லண்டனில் ஜெர்மன் மொழியில் வந்தது; 23 பக்கம். 'மூலதனம்' முதல் பாகம் 1867. மற்ற இரண்டும் மார்க்ஸ் 1883இல் இறந்த பின், ஏங்கெல்ஸ் கையெழுத்துப் பிரதிகளோடு போராடி 1885இலும் 1894இலும் வெளியிட்டவை. ஜெர்மன் தத்துவம், ஆங்கிலப் பொருளியல், பிரெஞ்சு சோசலிசம் என்று மூன்று ஊற்று என்பார் லெனின். பாடத்துக்கு அது போதும். ஆனால் மார்க்ஸை ஓவனிடமிருந்து பிரிப்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் போடத் தெரியாமல் 'சுரண்டல்' என்ற சொல்லைப் பாவிப்பவர்களால் இந்தச் சிந்தனைக்கு நிறையக் கெடுதல் நடந்திருக்கிறது. ஆகவே போட்டுப் பார்ப்போம்.

மார்க்ஸ் நூல் நூற்பதை எடுத்துக்கொண்டார். நாம் சுருட்டுக் கொட்டிலை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றிய இடங்கள் அவை. இலக்கங்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒரு தொழிலாளி 8 மணித்தியாலம் வேலை செய்கிறார். அந்த நேரத்தில் அவர் கையால் போகும் புகையிலை, கோடா, நூல் எல்லாம் 4,000 ரூபா. கொட்டில், பலகை, கத்தி தேய்மானம் 200. அவருடைய நாட்கூலி 2,000. மொத்தச் செலவு 6,200. சுற்றிய சுருட்டு 8,200 ரூபாவுக்குப் போகிறது. மிச்சம் 2,000.

இந்த 2,000 எங்கிருந்து வந்தது? புகையிலையிலிருந்து வரவில்லை; 4,000க்கு வாங்கியது சுருட்டுக்குள் 4,000 ஆகவே போயிற்று. தேய்மானமும் அப்படியே. மலிய வாங்கி விலைக்கு விற்றதாலும் இல்லை. எல்லாம் சரியான விலைக்குத்தான் கைமாறின. புதிதாகச் சேர்ந்தது 4,000 ரூபா, அதைச் சேர்த்தது 8 மணித்தியால வேலை, மணிக்கு 500. அதாவது முதல் 4 மணித்தியாலத்திலேயே அவர் தன் கூலியை ஈட்டிவிட்டார். மற்ற 4 மணித்தியாலம் கொட்டிலின் சொந்தக்காரருக்கு. முதற் பகுதி அவசிய உழைப்பு, அடுத்தது உபரி உழைப்பு. உபரி மதிப்பு வீதம் 2,000க்கு 2,000, நூறு சதவீதம். முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இந்த நூறு தெரியாது. அவர் 2,000ஐ 6,200ஆல் பிரித்து 32 சதவீத இலாபம் என்று எழுதுவார். இரண்டும் உண்மையான இலக்கங்களே, அளப்பவை வேறு. ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் மற்றதைச் சொன்னால் விவாதம் அந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

இன்னொரு நுணுக்கம். தொழிலாளி விற்றது என்ன? 'உழைப்பை' என்று சொன்னால் கணக்கு முட்டுப்படும்: 8 மணித்தியால உழைப்பின் பெறுமதி 4,000 என்றால் 2,000 கொடுத்தது ஏமாற்று ஆகிவிடும், நேர்மையான முதலாளி 4,000 கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். மார்க்ஸின் விடை, அவர் விற்றது உழைப்புச் சக்தியை, ஒரு நாள் வேலை செய்யும் ஆற்றலை. அதன் விலை அந்த ஆளும் குடும்பமும் நாளைக்கும் வேலைக்கு வரும் நிலையில் இருக்க ஆகும் செலவு. சட்டப்படி எந்த ஏமாற்றும் நடக்காமலேயே உபரி பிறக்கிறது. அதனால்தான் நல்ல முதலாளியைத் தேடுவதால் இது தீராது. மார்க்ஸுக்கே இந்த வேறுபாடு படிப்படியாகத்தான் பிடிபட்டது. 1849இல் 'கூலியுழைப்பும் மூலதனமும்' எழுதியபோது 'உழைப்பு' என்றே எழுதியிருந்தார். 1891இல் ஏங்கெல்ஸ் அதை மறுபடி அச்சிட்டபோது வேண்டிய இடங்களில் 'உழைப்புச் சக்தி' என்று திருத்தினார்.

உபரியைக் கூட்ட வழி இரண்டு. நாளை 10 மணித்தியாலமாக நீட்டினால் கூலி அதே 2,000, உபரி 3,000, வீதம் 150. இங்கிலாந்தில் 1847இல் வந்த பத்து மணித்தியாலச் சட்டமும், 1890 முதல் மே தினத்தில் எழுந்த எட்டு மணித்தியாலக் குரலும் இந்தக் கோட்டைப் பற்றியவை. மற்ற வழி, நாளை நீட்டாமல் அவசிய உழைப்பைச் சுருக்குவது: சாப்பாடு மலிந்தால் குறைந்த கூலியிலும் குடும்பம் ஓடும். கூப்பன் அரிசியை இந்தக் கண்ணால் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது இடதுசாரிகள் ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். நாடு நின்றது, பிரதமர் டட்லி சேனநாயக்க இரண்டு மாதத்தில் பதவி விலகினார். அரிசி விலை ஏறினால் ஒவ்வொரு தொழிலாளியும் தனக்காக உழைக்க வேண்டிய மணித்தியாலமும் ஏறுகிறது. கூலி ஏறாவிட்டால் அந்த வித்தியாசத்தை வயிறு தாங்க வேண்டும்.

சுருட்டுக்கு நாட்கூலி எங்கே இருக்கிறது, எண்ணிக்கைக் கூலிதானே என்று கேட்கலாம். சரிதான். சுருட்டொன்றுக்கு 2 ரூபா 50 சதம் என்று வைத்தால் நாளைக்கு 800 சுற்றுபவருக்கு அதே 2,000. தன் கைக்கு ஏற்ற கூலி, தானே தனக்கு எசமான் என்று தோன்றும். கைவேகமுள்ள ஒருவர் 1,000 சுற்றி 2,500 எடுப்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் மத்தியானச் சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டு 1,000க்கு வருவார்கள். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு விலை 2 ரூபாவுக்கு இறங்கும். 1,000 சுற்றினாலும் கையில் 2,000. மேற்பார்வைக்கு ஆள் வைக்க வேண்டியதில்லை. கூலி முறையே மேற்பார்வை. 'மூலதனம்' முதல் பாகத்தில் எண்ணிக்கைக் கூலி பற்றி ஒரு சிறு அத்தியாயம் உண்டு. தடித்த புத்தகத்தைக் கண்டு மிரளுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். பீடி, தையல், தேங்காய் உரித்தல் என்று எந்த எண்ணிக்கைக் கூலிக்கும் அது அப்படியே பொருந்தும்.

இந்தக் கணக்கு எங்கே வழுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கொட்டில்காரரின் 2,000 முழுவதும் அவர் மடியில் நிற்பதில்லை. காணி வாடகை, வங்கி வட்டி, வரி, மொத்த வியாபாரியின் பங்கு எல்லாம் அதிலிருந்தே போகின்றன. ஆளில்லாமல் இயந்திரத்தால் நடக்கும் தொழிலிலும் ஆட்கள் நிறைந்த தொழிலிலும் இலாப வீதம் ஏன் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது என்ற கேள்விக்கு மூன்றாம் பாகம் பதில் சொல்ல முயல்கிறது. 1896இல் ஒஸ்திரியப் பொருளியலாளர் பொம்-பாவெர்க் அதைப் பிடித்து உலுக்கினார், அந்த வாதம் இன்னும் தீரவில்லை. யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. நாம் பெட்டிக்கடைக்காரரையும் 'முதலாளி' என்றுதான் கூப்பிடுகிறோம். கோட்பாட்டில் முதலாளி என்பவர் பிறர் உழைப்பில் வாழ்பவர். மூன்று பரப்புக் காணியில் குடும்பத்தோடு புகையிலை நட்டு, கிணற்றிலிருந்து இறைத்து, சாய்ப்புக்காரரிடம் கடன்பட்டிருக்கும் தோட்டக்காரர் முதலாளியும் அல்லர், பாட்டாளியும் அல்லர். இவரைப் போன்றவர்கள் நிறைந்த மண்ணில், ஆலைத் தொழிலாளரைக் கணக்கில் வைத்து எழுதிய சுலோகங்களை அப்படியே ஒட்டினால் சுவர்தான் நிறையும்.

உபரியை முதலாளி எடுக்கக்கூடாது என்றால், உழைத்தவருக்கே முழுவதையும் கொடுத்துவிடலாமா? ஜெர்மன் சோசலிஸ்ட்டுகள் 1875இல் கோத்தா நகரில் கூடியபோது அவர்களுடைய வேலைத்திட்ட வரைவு அப்படித்தான் கேட்டது: உழைப்பின் குறையாத பலன். மார்க்ஸ் கோபத்தோடு எழுதிய விமர்சனம், என் கண்ணில், அவருடைய எழுத்துகளில் மிகவும் நடைமுறையானது. மொத்த உற்பத்தியிலிருந்து முதலில் தேய்ந்த கருவிகளுக்கு ஈடு எடுத்து வைக்க வேண்டும், பிறகு உற்பத்தியை விரிக்க, பிறகு விபத்துக்கும் இயற்கை அழிவுக்கும் காப்பு. மிச்சத்திலும் நிர்வாகச் செலவு, பள்ளிக்கூடம், வைத்தியம், வேலை செய்ய இயலாதோருக்கான நிதி. இவ்வளவும் கழிந்த பின்புதான் ஆளாளுக்கு. அதுவும் முதற் கட்டத்தில் உழைத்த அளவுக்கே கிடைக்கும். கலியாணமானவர், ஆகாதவர், ஒரு பிள்ளை, ஐந்து பிள்ளை எல்லாருக்கும் ஒரே அளவுகோல். சரிசமனாக அளப்பது சமமில்லாத ஆட்களுக்குச் சமமின்மையாகவே முடியும் என்பதை அவர் ஒளிக்காமல் எழுதினார். ஆற்றலுக்கேற்ப உழைப்பு, தேவைக்கேற்ப நுகர்வு என்பது அதற்கும் அப்பாலுள்ள கட்டம். சோசலிசம் என்றால் சரிசமப் பங்கு என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

அந்தக் கழிவுகளை யார் தீர்மானிப்பது என்பதில்தான் இருபதாம் நூற்றாண்டு சறுக்கியது. 1871இல் தொழிலாளர் ஆட்சியாக 72 நாள் நின்ற பாரிஸ் கம்யூனில் மார்க்ஸ் மெச்சியவை, எந்நேரமும் திருப்பி அழைக்கக்கூடிய பிரதிநிதிகளும் தொழிலாளியின் சம்பளத்துக்கு மேல் வாங்காத அதிகாரிகளும். 1917க்குப் பின் ரஷ்யாவில் அந்த இரண்டும் விரைவிலேயே கைவிட்டுப் போயின. எதிர்க்கருத்துக்காரருக்கு இல்லாத சுதந்திரம் சுதந்திரமே அல்ல என்று ஜெர்மன் புரட்சியாளர் ரோசா லக்சம்பேர்க் 1918இலேயே சிறையிலிருந்து எச்சரித்திருந்தார். 1932–33இல் உக்ரைனிலும் கஸக்ஸ்தானிலும் தானியக் கொள்வனவு நிற்கவில்லை, சனம் பட்டினியால் செத்தது. 1958க்குப் பிறகு சீனத்துக் கிராமங்களிலும் அதுவே நடந்தது: மேலிடத்துக்குப் பயந்து விளைச்சலைக் கூட்டி எழுதினார்கள், எழுதிய விளைச்சலின்படி தானியம் எடுத்துச் செல்லப்பட்டது. இதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பது இந்தச் சிந்தனையை மதிப்பவர் செய்யக்கூடிய காரியமல்ல. உடைமை அரசின் பெயருக்கு மாறியது. தீர்மானம் உழைப்பவர் கைக்கு வரவேயில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1853இல் மார்க்ஸ் நியூயோர்க் பத்திரிகை ஒன்றுக்கு இந்தியாவைப் பற்றி எழுதினார். ரயில் பாதையும் அதன் பின்னால் வரும் நவீன தொழிலும் பரம்பரைத் தொழிற் பிரிவினையைக் கரைக்கும், அதன் மேல் நிற்கும் சாதியும் கரையும் என்றார். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ரயில் 1905இல் ஓடத் தொடங்கியது. அது வந்து 61 ஆண்டு கழிந்த பிறகும் தேநீர்க் கடையில் ஒரு பகுதி மக்களுக்குத் தகரப்பேணியும் சிரட்டையும்தான். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் கோயிற் கதவு திறக்கவில்லை. மார்க்ஸின் கணிப்பு இங்கே ஏன் பிழைத்தது? ரயில் வந்தது, தொழில் வரவில்லை. ரயில் ஏறியவர்கள் ஆங்கிலம் படித்த எழுதுவினைஞர்கள். கொழும்பிலும் மலாயாவிலும் உழைத்த காசு மணியோடராகவும் ஓய்வூதியமாகவும் திரும்பி வந்து காணியிலும் சீதனத்திலும் இறங்கியது. காணியை விற்பதென்றால் பங்காளிக்கும் உரித்துக்காரருக்கும் முதல் உரிமை என்பது தேசவழமை. காணி இல்லாதவர் காணிக்குள் வரும் வழி அதனால் இன்னும் ஒடுங்கியது.

கணிப்புப் பிழைத்தாலும் கேள்வி உதவியது. ஆறில்லாத, சுண்ணக்கல் நிலத்தில் கிணறு இல்லாமல் தோட்டமும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. கிணற்றில் வாளி போட விடாதே என்பது தீட்டின் பேச்சு. கூலியைப் பற்றி வாய் திறக்காதே என்பது அதன் பொருள். மறுத்துப் பேசிய குடும்பத்துக்குத் தண்ணீர் நிற்கும், குடியிருக்கும் வளவிலிருந்து எழும்பச் சொல்லலாம், சீவுகிற பனையைத் தரமாட்டேன் எனலாம். சாதியைப் பொருளாதார அடித்தளத்தின் மேல் நிற்கும் வெறும் மேற்கட்டுமானம், புரட்சி வந்தால் தானே உதிரும் என்று ஒதுக்கிய மார்க்சியர்கள் இதைத் தவறவிட்டார்கள். இங்கே சாதி உற்பத்தி உறவாகவே வேலை செய்தது.

தவறவிடாதவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த மு. கார்த்திகேசன் போன்றவர்கள் வகுப்பறைக்கு வெளியே ஒரு தலைமுறையைச் சிந்திக்க வைத்தார்கள். 1956இல் பருத்தித்துறைத் தொகுதி கொம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1964இல் கட்சி உடைந்தபின் நா. சண்முகதாசன் தலைமையிலான பிரிவு 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போயிற்று. "சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும்" என்ற முழக்கத்தின் மேல் பொலிசாரின் தடியடி விழுந்தது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது; அதன் போராட்டக் களங்கள் சங்கானை, நிச்சாமம், பிறகு 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசல். தேநீர்க் கடையிலும் கோயிலிலும் அவர்கள் வென்றதை இன்று எல்லாரும் இயல்பாக அனுபவிக்கிறோம். கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுதிய எழுத்துக்கு மண்ணும் மனிதரும் அங்கிருந்துதான் வந்தார்கள்.

அதே காலத்தில் இடதுசாரிகள் தமிழருக்குச் செய்த அநியாயத்தையும் இதே நேர்மையோடு சொல்லத்தான் வேண்டும். தேசங்களின் சுயநிர்ணய உரிமையை 1914இல் லெனின் எழுதினார். 1944இல் இலங்கைக் கொம்யூனிஸ்ட் கட்சி தமிழரை ஒரு தேசிய இனமாக ஏற்றது. மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948இல் பறித்தபோது இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் எதிர்த்தார்கள். பத்து ஆண்டுக்குள், 1966 ஜனவரியில், தமிழைப் பாவிக்க இடமளித்த தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் அதே கட்சிகள் நின்றன. 1972 அரசியலமைப்பு சிங்களத்தை அரசகரும மொழியாக உறுதிசெய்து பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. அதை வரைந்த அமைச்சர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. கோட்பாட்டில் பிழை இருந்ததால் இது நடக்கவில்லை. பாராளுமன்றக் கூட்டணியில் ஆசனக் கணக்கு முன்னுக்கு வந்தது, கோட்பாடு அலுமாரிக்குப் போனது. யாழ்ப்பாணத்து இளைஞர் செங்கொடியை விட்டு நகர்ந்ததற்கு வேறு காரணம் தேடி அலையத் தேவையில்லை.

அதே 1972இல் யாருடைய கவனத்துக்கும் பெரிதாக வராத ஒன்றும் நடந்தது. அதுவரை கள்ளுத் தவறணைகள் ஏலத்தில் குத்தகைக்குப் போயின. கள்ளு அன்றே புளிக்கும் பொருள். நாளைக்கு நல்ல விலை வரும் என்று வைத்திருக்க முடியாது. ஆகவே தளைநாரும் முட்டியும் பாளைக்கத்தியுமாகக் காலை மாலை மரமேறி இறக்கும் சீவல் தொழிலாளி, குத்தகைகாரர் சொன்ன விலைக்கே கொடுத்தார். அந்த ஏல முறை போய் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. தவறணை சங்கத்துடையதாயிற்று, மிஞ்சிய கள்ளைப் போத்தலில் அடைக்கவும் திக்கம் வடிசாலையில் சாராயமாக வடிக்கவும் வழி பிறந்தது, பருவமில்லாத மாதங்களுக்கும் மரத்தால் விழுந்தவருக்கும் உதவ நிதி ஒதுக்கினார்கள். கோத்தா விமர்சனத்தின் கழிவுப் பட்டியலை எவரும் பார்த்து எழுதாமலேயே அதன் பல வரிகள் சங்கத்தின் கணக்கில் வந்துவிட்டன. இலங்கையில் சோசலிசம் என்ற பெயரில் நடந்தவற்றுள், என் மதிப்பில், அந்தச் சொல்லின் பொருளுக்கு மிகக் கிட்ட வந்தது இது.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 1971இல் சிறு சங்கங்களை இணைத்துப் பெரிதாக்கி, நெறியாளர் சபைக்கு அரசாங்கமே ஆட்களை நியமித்தது. அங்கத்தவர் வாடிக்கையாளர் ஆனார், சங்கக்கடை கூப்பன் கடை ஆயிற்று. ரொச்டேல்காரர் 28 பேரும் கவனமாக எழுதி வைத்த ஆளுக்கொரு வாக்கு காகிதத்தில் நின்றது. சீவல் தொழிலாளரின் சங்கங்களிலும் அரசியல் தலையீடு இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே அங்கத்தவர் ஒவ்வொருவரும் தினமும் கள்ளு அளந்து ஊற்றுகிறவர். அளவு பிழைத்தால் அன்றைக்கே கேட்பார்.

தவறணையும் வடிசாலையும் பொதுவில் வந்தன. பனை வரவில்லை. 1972 காணிச் சீர்திருத்தம் வைத்த உச்சவரம்பு 50 ஏக்கர், நெற்காணிக்கு 25; ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு என்று பரப்பால் எண்ணும் மண்ணில் அந்த வரம்பைத் தொட்ட காணிகள் அரிது. மரம் வளவுக்காரருடையதாகவே நின்றது. பருவம் தொடங்கும்போது சீவல் தொழிலாளி மரத்துக்கு இவ்வளவு என்று குத்தகை பேசிவிட்டுத்தான் தளைநாரைக் காலில் மாட்டுகிறார்.